பிற்பகல் எண்

டிசம்பர் மாதத்து த்ரோன்ஹைமில்
இரண்டரை மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
என் இரத்தத்தில்
சர்க்கரை அப்போதுதான் கடை விரிக்கும்.

காலை எண் ஒரு சாது.
ஐந்து புள்ளி நாலு.
அதை நம்பி ஏமாந்தவர்களில் முதல் ஆள் நான்,
அடுத்தவர் என் குடும்ப மருத்துவர்.
எட்டு மணிக்கு விழுங்கும் பிரெட்னிசோலோன்
மதியம் வரை வாய் திறக்காது.

முதலில் தாகம்தான் வந்தது.
முங்க்வோல் பணிமனைக் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன்.
அரைமணிக்கொரு தரம் கழிப்பறை.
இரண்டு வருடம் டயாலிசிஸில்
ஒரு சொட்டும் போகாதிருந்தவள் நான்.
புதுச் சிறுநீரகம் உற்சாகமாக உழைக்கிறது என்று
சக ஓட்டுநர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.
அது உழைப்பில்லை,
வெள்ளம் இறைத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்லோவில் கேட்டேன்:
டாக்ரோலிமஸைக் குறைக்கலாமா?
குறைத்தால்
உள்ளே இருப்பது உன்னுடையதல்ல என்று
உன் உடம்பு கண்டுபிடித்துவிடும், என்றார் செவிலி.
குறைக்காவிட்டால்?
அவர் பேனாவைத் திறந்து, ஊசியைப் பொருத்தி,
வயிற்றில் எங்கே குத்துவது என்று காட்டினார்.
காவல்காரனுக்குக் கூலி இனிப்பாகத்தான் வேண்டுமாம்.
அந்த இனிப்பு
அவன் காக்கும் வீட்டையே அரிக்குமாம்.

கை வேறு நடுங்குகிறது.
ஊசி விரலைத் தேடுகிறதா
விரல் ஊசியைத் தேடுகிறதா தெரியவில்லை.
டிராமை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார்.
நான் அட்டவணை எழுதுகிறேன்,
யார் எத்தனை மணிக்கு லியானிலிருந்து இறங்க வேண்டும் என்று.

ஒட்வார் ஜூனில் வந்திருந்தான்.
என் தம்பி. இடப்பக்கத்தைக் கொடுத்தவன்.
ஏலக்காய் பன்னில் ஒன்றை நான் எடுத்தேன்.
பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை,
தன் தட்டை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தான்.
அந்தச் சத்தம், மேசைமேல் பீங்கான் உரசியது,
ஆறு மாதமாய் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.
கொடுத்ததற்குக் கணக்குப் பார்க்காதவன் என்றல்லவா
நினைத்திருந்தேன்.

நேற்று மாலை பதினாறு.
ஒன்றும் தின்னாமலே பதினாறு.
ஆத்திரத்தில், படுக்கும்முன் நாலு யூனிட் கூடுதலாய்ப் போட்டேன்.
ஆத்திரத்துக்கு அளவு கிடையாது,
இன்சுலினுக்கு உண்டு.

நாலு மணிக்கு விழித்தபோது
தலையணை நனைந்திருந்தது.
சமையலறை இருந்த இடத்தில் இல்லை.
இரண்டு புள்ளி ஒன்பது.
அந்நேரத்தில் விழித்திருக்கக்கூடிய ஒரே ஆளை அழைத்தேன்.

வாயில் என்ன இருக்கிறது, தூரிட்?
ஜாம்.
விழுங்கு. இன்னும் மூன்று கரண்டி.
பிறகு பதினைந்து நிமிடம் பொறு. நானும் பொறுக்கிறேன்.

மிராவிலிருந்து வடக்கே பத்து மைல், கயிறெல்லாம் பனிக்கட்டி.
புதுப் பையன் இரண்டு தடவை வாந்தி.
ஒரு காட் மீனின் வயிற்றில் கையுறை,
அதுவும் வலக்கைக்கு.
அவன் பேசப் பேச
அலை நடுவில் புகுந்து பாதியைத் தின்றது.
லிங்கோன்பெரியின் புளிப்பு பல்லில் கூசியது.
ஒரு வருடமாகத் திருட்டுப் பொருளாய் இருந்தது
கரண்டி கரண்டியாய் மருந்தானது.

நாலு புள்ளி ஆறு, என்றேன்.

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும்.
பிறகு சொன்னான்:
எனக்கும் வருடாவருடம் பார்க்கிறார்களே,
வசந்தத்தில் ஆறு புள்ளி எட்டு. வெறும் வயிற்றில்.
உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.
அந்தப் பன்
பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது, அதான்
தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவனிடம் இருப்பது ஒன்று.
என்னிடம் மூன்று,
இரண்டு உறங்குகின்றன.

ஜாடிக்குள் கரண்டி நிற்கிறது.
எட்டு மணிக்கு மாத்திரை.
இரண்டரைக்கு விரல்.
மிராவில் இரண்டரைக்கு எப்படி இருட்டும் என்று
அவனிடம் கேட்க மறந்துவிட்டேன்.